மூக்கு வழி மூளைநீர்க் கசிவு: 48 மணி நேரம் முடிந்த பிறகு அறுவை சிகிச்சைக்கு யார் பணம் தருவார்கள்?

தலையில் அடிபட்ட சில நாட்களில் ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர்போலச் சொட்டினால், சளி என்று விட்டுவிடாதீர்கள். குனிந்தால் சொட்டு கூடும்; தொண்டையில் உப்புக் கரிக்கும்; கைக்குட்டையில் காய்ந்தால் சளிபோல விறைக்காது. மூளையைச் சூழ்ந்த திரவமான மூளைநீர், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பின் விரிசல் வழியாக இறங்குகிறது. நீர் இறங்கும் அதே வழியில் கிருமி ஏறினால் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வரும். விபத்தே இல்லாமல், குறிப்பாக உடல் பருமனான நடுத்தர வயதுப் பெண்களுக்கு, மண்டைக்குள் அழுத்தம் கூடியும் இது வருவதுண்டு.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதலில் கைகொடுப்பது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். எந்த மாநிலத்தவர், என்ன வருமானம், அட்டை உண்டா என்று பார்க்காமல், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டம் வகுத்த தொகை வரை இலவசம்.

ஆனால் இந்தக் கசிவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்வது அரிது. அடிபட்டதால் வரும் கசிவு பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே அடைபடும். அதுவரை தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்திய படுக்கை, இருமலும் மலச்சிக்கலும் வராமல் மருந்து. அதற்கும் நிற்காவிட்டால்தான் அறுவை. அந்த நேரத்தில் 48 மணி நேரக் கணக்கு முடிந்து பல நாள் ஆகியிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதே மருத்துவமனையில் அதன் கீழ் தொடரலாம். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே நோயாளி படுத்திருக்கும் அந்த ஒரு வாரம்தான் வீட்டார் அட்டைக்கு அலைய வேண்டிய வாரம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். இழுபறி பெரும்பாலும் வருமானச் சான்றில்தான். அதை முதல் நாளே கேட்டு வையுங்கள். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன மகளின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கி, புகுந்த வீட்டில் சேர்க்காமல் விட்டிருந்தால் இரண்டு அட்டையும் உதவாது.

அட்டை கிடைத்ததும் அறுவைக்கு முன் அனுமதி. இதை மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுப் பணியாளர்தான் அனுப்புவார். இந்த அறுவை காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் வரலாம், நரம்பு அறுவைப் பிரிவிலும் வரலாம். எந்தத் தொகுப்பில் (திட்டம் கட்டணம் வகுத்து வைத்திருக்கும் சிகிச்சைப் பட்டியலில் எந்த வகையில்) விண்ணப்பிக்கிறார்கள், அந்தப் பிரிவுக்கு மருத்துவமனை அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சொட்டும் நீர் மூளைநீர்தான் என்பதற்கும், ஓட்டை எங்கே என்பதற்கும் சான்று இல்லாத விண்ணப்பம் கேள்வியோடு திரும்பும். முதலாவதற்கு, மூளைநீரில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை நம்பகமானது. சர்க்கரை அளவைப் பார்க்கும் பழைய முறை தவறான முடிவு தரக்கூடும். இரண்டாவதற்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்த சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. விபத்து என்றால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டின் நகலும் கோப்பில் இருக்கட்டும். அட்டை வருவதற்கு முன் வெளியே எடுத்த ஸ்கேனுக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தால் செலவு மிகக் குறைவு.

அறுவையில் பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை. எண்டோஸ்கோப் என்ற, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியே செலுத்தி, ஓட்டையின் ஓரச் சவ்வைச் சுரண்டி, நோயாளியின் தொடைச் சவ்வு, கொழுப்பு அல்லது மூக்குத் தண்டின் சவ்வை வைத்து அடைப்பார்கள். முதல் முறையிலேயே பத்தில் ஒன்பது பேருக்குக் கசிவு நிற்கிறது. ஒட்டுப் பசை, மூக்கில் வைக்கும் பஞ்சு, சிலருக்கு முதுகில் போடும் வடிகுழாய் ஆகியவை அறுவையின் பாகமே. ‘பசை மட்டும் வெளியே வாங்கி வாருங்கள்’ என்றால், எழுத்தில் கேளுங்கள். பணம் கேட்டாலும் சரி, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணோடு புகார் செய்யலாம். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குறைதீர் குழுவும் உண்டு.

ஆயுஷ்மான் பாரத் விதிப்படி வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து தொகுப்புக்குள் அடங்கும். கட்டுப்பாடுகளோ நாலு முதல் ஆறு வாரம்: மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. ஒட்டு கழன்று மறுபடி சொட்டுவது பெரும்பாலும் இதை மீறுவதாலோ, மண்டை அழுத்தத்தைக் கவனிக்காமல் விடுவதாலோதான். அழுத்தத்துக்கான மாத்திரை பல மாதம் ஓடலாம். 15 நாளுக்குப் பிறகு அதை அரசு மருத்துவமனை வெளிநோயாளர் சீட்டில் வாங்கிக்கொள்ளலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெளியேற்றச் சுருக்கத்தையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.