எரெக்கின்னா என்ன? கரண்டா கிட்டாரா?

ஜப்பான் நடிகர் கயாமா யூசோ பத்தி எதைப் படிச்சாலும் இந்த எரெக்கிங்கிற ஜப்பானிய வார்த்தை குறுக்க வந்து நிக்கும். 1937ல யோகோஹாமால பொறந்தவர், நடிகர், பாடகர், கிட்டார் வாசிப்பார், 'டான் கோசாகு'ங்கிற பேர்ல ட்யூன் போடுறதும் அவரேதான் (டான் இகுமா, யமாதா கோசாகுன்னு ரெண்டு பெரிய இசையமைப்பாளர்களோட பேரை வெட்டி ஒட்டிக்கிட்டது). 1965 டிசம்பர்ல வந்த அவர் படத்துக்குப் பேரே 'எரெக்கி நோ வகாதைஷோ'. வகான்னா இளைய, தைஷோன்னா தளபதி. ஆமாங்க, இளைய தளபதியேதான், நம்மூர்ல அந்தப் பட்டம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே!

சரி, எரெக்கி எங்கேர்ந்து வந்துச்சு? இப்போ அது எலக்ட்ரிக் கிட்டாரோட சுருக்கம், ஜப்பான்காரங்க வாய்ல 'ல' வராது, 'ர' ஆயிடும். ஆனா கிட்டார் வர்றதுக்கு முன்னாடியே இந்த வார்த்தை அங்க இருந்துச்சு. நாகசாகிக்கு வந்த டச்சு வியாபாரிங்க மூலமா கைப்பிடியச் சுத்தினா பொறி பறக்குற ஒரு பெட்டி வந்துச்சு, டச்சுல மின்சாரத்துக்குச் சொல்ற வார்த்தை இவங்க வாய்ல எரெகிதேருன்னு ஆச்சு, அப்படி ஒரு ஒடஞ்ச பெட்டிய ஹிராகா கென்னாய்ங்கிறவர் 1776ல சரி பண்ணி ஓட வச்சார். அதோட சுருக்கமும் எரெக்கிதான். எல்லாத்துக்கும் மூலம் கிரேக்க எலெக்ட்ரான், அதாவது அம்பர், தேய்ச்சா தூசிய இழுக்குமே, அந்தப் பிசின் கல்லு.

இதுல ஒரு கூத்து, மின்சாரத்துக்கு ஜப்பான்ல தென்கின்னு தனி வார்த்தை இருக்கு, அதுல 'தென்' எழுத்துக்கு மூலப் பொருள் மின்னல். நம்ம 'மின்' மாதிரியே! லைட்டு பில்லு எல்லாம் தென்கி, கிட்டார் மட்டும் எரெக்கி.

1965ல வென்ச்சர்ஸ்ங்கிற அமெரிக்க கிட்டார் குழு ஜப்பானுக்கு வந்து வாசிச்சதும் ஊர் பூரா எரெக்கி பைத்தியம், பசங்க கெட்டுப்போறாங்கன்னு அஷிகாகா நகரக் கல்வி வாரியம் தடையே போட்டுச்சு. அதே வருஷம்தான் நல்ல புள்ளை காலேஜ் ஹீரோவா கயாமா எரெக்கியோட திரையில வர்றார், பெத்தவங்க கோவம் கொஞ்சமாச்சும் எறங்கினது இதனாலதான்னு எனக்குத் தோணுது. அவர் கச்சேரிய நிறுத்தினது 2022ல, 85 வயசுல.

எரெக்கிய தமிழ்ல மின்கிட்டார்னு எழுதினா போதும், மின்னிசை நரம்புக்கருவின்னெல்லாம் இழுக்க வேணாம். ஆனா எரெக்கின்னு பார்த்ததும் வெறும் 'மின்'னுன்னு மாத்திடாதீங்க, அந்தப் படம் 'மின் இளைய தளபதி' ஆயிட்டா கரண்ட் ஆபீஸ்காரர் கதை மாதிரி இருக்கும்.