மிஷன் என்றால் மதமாற்றமா?

‘மதச்சார்பற்ற டென்மார்க்கில் மதமாற்றப் பணி’ என்ற பாணியில் எழுதப்படும் மொழிபெயர்ப்புகள் பெருகிவிட்டன. நான்கு சொற்களில் இரண்டு பிழைகள். ‘மிஷன்’ என்ற சொல்லை ‘மதமாற்றப் பணி’ என்று ஆக்குவதே பெரிய பிழை, அதை முதலில் பார்ப்போம்.

மிஷன் லத்தீன் வழி வந்த சொல். ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. ‘மிஸ்ஸியோ’ என்றால் அனுப்புதல். பிதா மகனை உலகுக்கு அனுப்பியதைக் குறிக்க இறையியலார் வைத்திருந்த சொல்லை, 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தங்கள் ஆட்களை அனுப்பும் பணிக்கு வழங்கினார்கள். வேரில் மாற்றம் என்ற பொருளே இல்லை. போன இடத்தில் யாரேனும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம், அது விளைவு.

தமிழருக்கு இது புதுச்சொல்லும் அன்று. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, சீகன்பால்கும் புளூட்சௌவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டேனிய அரசர் என்பதால் அது டேனிய மிஷன். பின்னாளில் மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு என்று நம் ஊர்ப் பேச்சில் அச்சொல் ஊறிப்போனது. மிஷன் ஆஸ்பத்திரியை மதமாற்ற ஆஸ்பத்திரி என்று யாராவது சொன்னதுண்டா? இராமகிருஷ்ண மிஷனை மதமாற்றக் கழகம் என்று எழுத இதே மொழிபெயர்ப்பாளருக்குக் கை வருமா? கிறிஸ்தவம் என்ற அடைமொழி முன்னால் வந்துவிட்டால் மட்டும் அகராதியை மூடிவைத்துவிட்டு அரசியல் மேடையிலிருந்து சொல் எடுக்கிறார்கள்.

டென்மார்க்கைப் பொறுத்தவரை ‘மதமாற்றம்’ என்ற சொல் தகவலாகவே தவறு. அங்குள்ள ‘இந்த்ரெ மிஷன்’ என்ற அமைப்பு 1861இல் டேனியக் குருவான வில்ஹெல்ம் பெக் போன்றோரின் முயற்சியில் உருப்பெற்றது. ‘இந்த்ரெ’ என்றால் உள். அதாவது கடல் கடந்து போகும் மிஷன் அன்று. உள்நாட்டில், ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற லூத்தரன்களிடையே, அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களிடையே, நடக்கும் பணி. பெயருக்குக் கிறிஸ்தவராக இருப்பவரை விசுவாசத்துக்கு எழுப்புவதே நோக்கம். லூத்தரனை லூத்தரனாக்குவதற்குப் பெயர் மதமாற்றமா? இந்த இயக்கத்தார் ‘மக்கள் திருச்சபை’ எனப்படும் லூத்தரன் நாட்டுத் திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை. அதற்குள்ளேயே இருந்துகொண்டு, மேற்கு ஜட்லாண்டின் மீனவ ஊர்கள் உட்படப் பல இடங்களில் மிஷன் வீடுகளைக் கட்டிக் கூடினார்கள்.

கத்தோலிக்கர் வழக்கில் உள்ள ‘மறைபரப்பு’ நல்ல சொல்தான். எனக்கு அதன்மேல் பகையில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறை பரவிவிட்ட நாட்டில், ஆறிப்போனவர்களைத் தேடிப் போகும் பணிக்குப் ‘பரப்பு’ ஒட்டவில்லை. ‘நற்செய்திப் பணி’ பொருள் கெடாமல் வரும். ஆனால் அனுப்புதல் என்ற பொருள் அதில் இல்லை. மிஷனரியைப் ‘பாதிரியார்’ என்று எழுதுவது வெறும் சோம்பல். இந்த்ரெ மிஷன் ஊர் ஊராக அனுப்பிய போதகர்களில் பலர் குருப்பட்டம் பெறாத சாதாரண மக்கள்.

என் தேர்வு ‘தூதுப்பணி’, ஆளுக்குத் ‘தூதுப்பணியாளர்’. ‘அப்போஸ்தலர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அனுப்பப்பட்டவர் என்றே பொருள். அதைத் ‘திருத்தூதர்’ என்று கத்தோலிக்கத் தமிழ் அழகாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதே தூதை இங்கும் வைத்தால் உறவு விளங்கும். தூதரகத்தோடு குழம்பும் என்பார்கள். தூது இலக்கியத்தையும் தூதரகத்தையும் குழப்பிக்கொள்ளாத வாசகர் இதையும் புரிந்துகொள்வார். தயக்கமிருந்தால் மிஷன் என்றே எழுதுங்கள். முந்நூறு ஆண்டுகளாக நம்மிடம் புழங்கும் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை. தனித்தமிழ் என்ற பெயரில் பொருளைக் கெடுப்பதைவிடக் கடன்சொல்லே மேல்.

அடுத்தது ‘மதச்சார்பற்ற’. மதச்சார்பின்மை அரசின் இயல்பு. எந்த மதத்தின் பக்கமும் சாயாத அரசுக்கே அது பொருந்தும். டென்மார்க்கின் அரசமைப்பு லூத்தரன் திருச்சபையை மக்கள் திருச்சபை என்று பெயர் சொல்லி, அரசு அதை ஆதரிக்கும் என்கிறது. அரசர் அச்சபையினராக இருந்தாக வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் குழந்தையின் பிறப்புப் பதிவைக்கூடத் திருச்சபை அலுவலகமே கவனிக்கிறது. மக்களில் பத்தில் ஏழு பேர் அதன் உறுப்பினர்கள். ஆனால் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். ஆக, சார்புள்ள அரசு, பிடிப்பில்லாத மக்கள். இதைச் ‘சமயப் பிடிப்புக் குறைந்த நாடு’ என்று சொல்ல என்ன தடை? 2000இல் திருச்சபையை அரசிலிருந்து பிரித்த ஸ்வீடனுக்காவது ‘மதச்சார்பற்ற’ ஓரளவு பொருந்தும். டென்மார்க்குக்குப் பொருந்த வேண்டுமானால் முதலில் அரசமைப்பைத் திருத்த வேண்டும். அந்த அதிகாரம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லை.