டெலிகன்வெர்ட்டர் வெளிச்சத்தைத் தின்கிறதா?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் நாரைக்கும் நமக்கும் நடுவே தண்ணீர்தான். கரையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் கூட்டில் இருக்கும் பறவைகள் கலைந்துவிடும். 200-600 மி.மீ. ஜூம் லென்ஸைக் கடைசிவரை திருகி 600-இல் வைத்தாலும், நீர்க்கடம்பு மரத்தில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரை படத்தின் நடுவில் சின்னதாகத்தான் விழுகிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர் பையிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வளையத்தை எடுத்து, கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டுவார். அதுதான் டெலிகன்வெர்ட்டர். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் என்றால் 600 மி.மீ. லென்ஸ் 840 மி.மீ. ஆகிவிடும். மாட்டிக்கொண்டே, "ஆனா ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுடும்" என்பார். ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது.

பறவைப் படம் எடுக்கும் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பல வருடம் நானும் அப்படியே நம்பியிருந்தேன். உண்மையில் அந்த வளையம் எதையும் தின்பதில்லை. என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், எப்போது மாட்டுவது, எப்போது பைக்குள்ளேயே விடுவது என்பதும் விளங்கிவிடும்.

லென்ஸுக்குள் நுழைந்த ஒளி பின்பக்கம் கூம்பு போலக் குவிந்து, படம் பதிவாகும் சென்சாரில் சேர்கிறது. டெலிகன்வெர்ட்டருக்குள் இருக்கும் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குழிலென்ஸின் வேலையைச் செய்கின்றன. குவிய வரும் கதிர்களைச் சற்று விரித்துவிடுகின்றன. கூம்பு ஒல்லியாகி, குவியும் புள்ளி பின்னால் தள்ளிப் போகிறது. அங்கே விழும் பிம்பம் பெரிதாகிறது. அதன் நடுப்பகுதியை மட்டும் சென்சார் பிடித்துக்கொள்கிறது. வானியல்காரர்களுக்கு இது பழைய சங்கதி. பீட்டர் பார்லோ என்ற இங்கிலாந்துக் கணிதர் 1830-களிலேயே தொலைநோக்கிக்கு இப்படி ஒரு குழிலென்ஸைக் கொடுத்தார். இன்றும் நிலவைப் பார்ப்பவர்கள் அதைப் பார்லோ லென்ஸ் என்றே அழைக்கிறார்கள்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். நாரையிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு கேமராவுக்குள் போகிறது என்பதை முடிவு செய்வது முன்னால் இருக்கும் லென்ஸின் திறப்பு. லென்ஸின் குவியத் தூரத்தை அந்தத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் அந்தத் திறப்பின் விட்டம் 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் வரும் 95 மி.மீ. பின்னால் எந்த வளையத்தை மாட்டினாலும் இந்த 95 மாறாது. 840-ஐ 95-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 9 வரும். அதனால்தான் கேமராத் திரையில் எஃப் 9 என்று காட்டுகிறது.

ஒரு கரண்டி மாவில் தோசை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாவை 1.4 மடங்கு அகலமாகத் தேய்த்தால் பரப்பு இரண்டு மடங்காகும், தடிமன் பாதியாகும். மாவு குறையவில்லை. டெலிகன்வெர்ட்டரும் நாரையின் ஒளியை அப்படித்தான் தேய்க்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி பாதியாவதால் ஒரு ஸ்டாப் குறைகிறது. 2 மடங்கு கன்வெர்ட்டரில் பரப்பு நான்கு மடங்கு, அதனால் இரண்டு ஸ்டாப். 1.4 மடங்கில் அதே ஷட்டர் வேகத்தை வைத்திருக்க, சென்சாரின் உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை 1600-லிருந்து 3200-க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் நாரையிடமிருந்து வந்த மொத்த ஒளி, கண்ணாடிகளில் வீணாகும் சொற்ப அளவைத் தவிர, அதேதான். ஆகவே கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து, ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கி கிராப் செய்த படத்தையும், கன்வெர்ட்டரோடு எடுத்த படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால், மணல் தூவியது போலத் தெரியும் நாய்ஸ் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்துப் பயந்து கன்வெர்ட்டரைக் கழற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கிராப் செய்தே சமாளிக்கலாமே, இந்த வளையத்தால் என்ன லாபம்? லாபம் பிக்சலில் இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 6 பங்கு. 100 மீட்டர் தூரத்தில் நிற்கும் நாரையை 600 மி.மீ.-இல் எடுத்தால், ஒரு பிக்சலுக்குள் பறவையின் 1 மி.மீ. அகலம் விழுகிறது. இறகின் மெல்லிய இழை அதைவிடச் சிறிது. அது படத்தில் தனியாகத் தெரிய வழியே இல்லை. 840-இல் அதே பிக்சலுக்குள் 0.7 மி.மீ. நாரையின் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,000 பிக்சலில் நின்ற பறவை இப்போது 1,400 பிக்சலில் நிற்கிறது. கிராப் செய்து பெரிதாக்கும்போது இந்தக் கூடுதல் பிக்சல்கள் கிடைப்பதில்லை. இல்லாததை மென்பொருள் ஊகித்து நிரப்பும்.

ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒளி ஓர் அலை என்பதால், எவ்வளவு நேர்த்தியான லென்ஸிலும் ஒரு புள்ளி புள்ளியாகவே விழாமல் சிறு வட்டமாகப் பரவும். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். 95 மி.மீ. திறப்பால் 100 மீட்டர் தூரத்தில் பிரித்துக் காட்ட முடிந்த நுணுக்கம் சுமார் 0.7 மி.மீ. இந்த எல்லையும் திறப்பைப் பொறுத்தது. கன்வெர்ட்டரால் அதை அசைக்க முடியாது. லென்ஸ் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்து, பிக்சல் பெரிதாக இருந்ததால் பதிவாகாமல் போன நுணுக்கத்தைத்தான் அது மீட்டுத் தருகிறது. 61 மெகாபிக்சல் சென்சாரில் பிக்சல் 3.8 மைக்ரான்தான். அங்கே கன்வெர்ட்டர் இல்லாமலே ஒரு பிக்சலுக்கு 0.63 மி.மீ. வந்துவிடுகிறது. மீட்பதற்கு மிச்சம் இருப்பது குறைவு. உங்கள் நண்பருடைய கேமராவில் பிரமாதமாக வேலை செய்த கன்வெர்ட்டர் உங்களுடையதில் சுமாராகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லென்ஸின் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும். ஓரங்களில் தெரியும் ஊதா விளிம்பு, லேசான மங்கல், எல்லாமே 1.4 மடங்கோ 2 மடங்கோ ஆகும். ஜூம் லென்ஸ் பல குவியத் தூரங்களுக்குச் சமரசம் செய்து உருவானது. அதன் கடைசி முனை பெரும்பாலும் பலவீனமான முனை. கன்வெர்ட்டரையோ நாம் அந்த முனையில்தான் பயன்படுத்துகிறோம். எஃப் 6.3 ஜூமுக்கு 1.4 போதும் என்பது என் தீர்மானம். 2 மடங்கை எஃப் 2.8 லென்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். 70-200 எஃப் 2.8 லென்ஸோடு 2 மடங்கைச் சேர்த்தால் 400 மி.மீ., எஃப் 5.6, திறப்பு 71 மி.மீ. 100-400 எஃப் 5.6 லென்ஸின் திறப்பும் அதே 71-தான். ஒளியில் இரண்டும் சமம், கூர்மையில் பெரும்பாலும் பின்னது முந்தும். எப்போதும் 400-இலேயே எடுப்பவர் 100-400 வாங்குவதே சரி.

ஆட்டோஃபோகஸ் தடுமாறுவதற்கும் அந்த ஒல்லிக் கூம்புதான் காரணம். நம் இரண்டு கண்களும் விலகி இருப்பதால் தூரம் தெரிகிறது. கேமராவும் அப்படியே லென்ஸின் ஒரு பக்கம் வழியாக வரும் ஒளியையும் மறுபக்கம் வழியாக வரும் ஒளியையும் ஒப்பிட்டு ஃபோகஸைக் கணக்கிடுகிறது. கூம்பு ஒல்லியானால் இரண்டு பார்வைகளும் நெருங்கிவிடுகின்றன. உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பல எஃப் 5.6-ஐத் தாண்டினால் ஃபோகஸ் செய்ய மறுத்தன; சில எஃப் 8 வரை ஒத்துழைத்தன. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே அளப்பதால் எஃப் 11-லும் வேலை செய்கின்றன. கேனன் 2020-இல் எஃப் 11 என்ற ஒரே எஃப் எண்ணுடன் 600, 800 மி.மீ. லென்ஸ்களை வெளியிட முடிந்தது இதனால்தான். இருந்தாலும் மங்கிய மாலையில் வேகம் குறையும்.

வாங்கும் முன் பொருந்துமா என்று பாருங்கள். பல கன்வெர்ட்டர்களில் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு லென்ஸின் பின்பக்கத்துக்குள் நுழையும். இடம் இல்லாத லென்ஸில் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். கேனன் ஆர்எஃப் 100-500 ஜூமில் 300-க்கு மேல் திருகி வைத்த பிறகே மாட்ட முடியும்; மாட்டியபின் 300-க்குக் கீழே திரும்பாது.

அதிகம் பேசப்படாத ஒரு நன்மையும் உண்டு. கன்வெர்ட்டரை மாட்டினாலும் லென்ஸின் மிகக்குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது. அதே தூரத்தில் தும்பி 1.4 மடங்கு பெரிதாக விழும், அது மிரளாத தூரத்திலேயே நாம் இருந்துகொள்ளலாம்.

எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாதது காற்று. ஒருமுறை நண்பகலில் அதே ஏரிக்கரையில் முக்காலி போட்டு, 1.4 மாட்டி, நூற்றுக்கணக்கில் எடுத்தேன். வீட்டில் பார்த்தால் ஒரு நாரையின் கண்கூடத் தெளிவாக இல்லை. சூடான காற்றில் அலகு நெளிந்து கிடந்தது. லென்ஸ் பழுதோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். மறுவாரம் காலை ஆறரைக்கு அதே கரையில், அதே லென்ஸில் கழுத்து இறகுகள் இழையிழையாக வந்தன.

உங்கள் லென்ஸுக்குப் பலன் தருமா என்று தெரிந்துகொள்ள ஒரு தமிழ் நாளிதழ் போதும். விடிந்தவுடன், தரை சூடேறும் முன், நிழலில் உள்ள சுவரில் ஒரு பக்கத்தை ஒட்டி, 40 மீட்டர் தள்ளி முக்காலி போடுங்கள். கன்வெர்ட்டர் இல்லாமல் பத்து, மாட்டிப் பத்து என்று எடுத்து, முதல் தொகுப்பை 1.4 மடங்கு பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். செய்தி எழுத்தில் 'ன' எது, 'ண' எது என்று எந்தப் படத்தில் சுழியை எண்ணிச் சொல்ல முடிகிறது என்று பாருங்கள்.