இரவு பஸ்ஸில் தனியாகப் போகிற பிள்ளைகளுக்கும், அவர்களின் வீட்டாருக்கும்

திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்த தொந்தரவைச் சொல்ல வருகிற பிள்ளைகள் விஷயத்தைத் தொடங்க முதலே "வீட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்" என்பார்கள். கொழும்பில் வேலை, பேராதனையில் கம்பஸ் என்று தனியாகப் போய்வருகிறவர்கள். வீட்டுக்குத் தெரிந்தால் பயணம் நிற்கும், அதோடு வேலையும் படிப்பும் நிற்கும் என்ற பயம். சேட்டை விட்டவன் அடுத்த கிழமையும் அதே பஸ்ஸில் போவான், இவள் வீட்டில் இருக்க வேண்டும். இது என்ன நியாயமோ.

ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் செய்த ஆய்வில் 90 வீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள், பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம்தான். அதனால் மகள் ஒன்றும் சொல்லவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஏற முதல் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, சீட் நம்பரையும் சேர்த்து அக்காவுக்கோ தோழிக்கோ வாட்ஸ்அப்பில் போடுங்கள், பிறகு முறைப்பாடு என்று போனால் எந்த பஸ், எத்தனை மணி என்றுதான் கேட்பார்கள், கை நடுங்குகிற நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் வராது. ரிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். விடியப்புறம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓட்டோ பிடித்தால், அதன் நம்பரை டிரைவருக்குக் கேட்கும்படியாகவே போனில் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை செய்ததைச் சொல்கிறேன். கந்தளாய் தாண்டியதும் பஸ்ஸில் லைட்டை அணைத்துவிட்டார்கள். பக்கத்து ஆளின் முழங்கை மெல்ல மெல்ல இவள் பக்கம் வருகிறது, இவள் நடுவில் ஹேண்ட்பேக்கை வைக்கிறாள், அவர் நித்திரை மாதிரியே அதைத் தள்ளிவிட்டு மறுபடி சாய்கிறார். இவள் எழும்பி நின்று, "அண்ணா, லைட்டைப் போடுங்க, இவர் கை வைக்கிறார், எனக்கு வேற சீட் வேணும்" என்று கொண்டக்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். முன்னுக்கு இருந்த ஒரு அம்மா உடனே தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். அந்த ஆளோடு அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரிடமே மெதுவாக "கொஞ்சம் தள்ளி இருங்க" என்று கெஞ்சினால் அது இருவருக்குள் இருக்கிற ரகசியமாகவே போய்விடும், அதுதான் அவருக்கும் வேண்டியது.

தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்திய பிறகு, வாயால் சொல்வதையும் சைகை காட்டுவதையும்கூடப் பிடிக்கிறது, 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. குருநாகல் பொலிஸில் என்றாலும் தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிவிட்டு நீட்டினால், தமிழில் விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அம்மா அப்பாவுக்கு. பிள்ளை இரவு 12 மணிக்குக் கோல் எடுத்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்காதீர்கள். பஸ் இப்போது எங்கே போகிறது என்று கேளுங்கள், போனைக் கொண்டக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.