பிளக் புதிது, மிஸ்ஸிங் ஏன்?

நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுவது பெரிய வித்தை அன்று. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்குகளின் மேல் அமர்ந்திருக்கும் காயில்களைக் கழற்றி, நீளமான பிளக் ஸ்பேனரால் பழையவற்றை எடுத்து, புதியவற்றை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அப்படி மாட்டி வண்டியைக் கிளப்பியதும், அதுவரை இல்லாத ஒரு நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிவதுண்டு. அல்லது நின்ற இடத்தில் சீராக ஓடும் எஞ்சின், மேம்பாலம் ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுப்பதுண்டு. வாங்கிய பிளக்தான் மட்டம் என்று முதலில் தோன்றும். போலிப் பிளக்குகள் சந்தையில் இருப்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலான நேரங்களில் கோளாறு இருப்பது, மாற்றும்போது கை பட்ட இடங்களில்தான். இப்படி ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவதே மிஸ்ஸிங். அது எந்த நிலையில் வருகிறது என்பதைக் கவனித்தாலே, எங்கே தேட வேண்டும் என்பது பாதி புலப்பட்டுவிடும்.

பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே, பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டால் அதைத் தாண்ட முடியாது. அதற்காகவே காயில் இருக்கிறது. அதற்குள் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள் உள்ளன. முதல் சுருளில் சில மில்லி விநாடிகள் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் வளர்ந்ததும், எஞ்சினின் கணினி அந்த ஓட்டத்தைச் சட்டென்று துண்டிக்கிறது. புலம் சரியும் வேகத்தில், ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. இந்த மின்னழுத்தம் முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஓர் அளவு அன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பொறி பாயும்வரை அது ஏறிக்கொண்டே போகும். பாய்ந்த கணமே விழுந்துவிடும். 10,000 வோல்ட்டில் பாய முடிந்தால் அத்தோடு நின்றுவிடும், 25,000 தேவைப்பட்டால் அதுவரை ஏறப் பார்க்கும். ஏறுகிற வழியில் அதைவிட எளிதான பாதை வேறெங்கேனும் கிடைத்தால் அங்கேயே பாய்ந்துவிடும், சிலிண்டருக்குள் இருக்கும் காற்று-பெட்ரோல் கலவை எரியாமலே புகைக்குழாய்க்குப் போய்விடும்.

எவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படும் என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889ஆம் ஆண்டிலேயே விடை கண்டார். வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவையே அது சார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, காற்று புகும் வழியிலுள்ள த்ராட்டில் என்ற அடைப்பு ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே இழுக்கப்படும் காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதை அழுத்திச் சுருக்கினாலும் பொறி பாய்வதற்குப் பெரிய தடை எழுவதில்லை. ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று புகுகிறது, சுருக்கிய பின் அதன் அடர்த்தி ஐடிலில் இருந்ததைப் போலப் பலமடங்காகிறது, தேவையான மின்னழுத்தமும் அதற்கேற்ப உயர்கிறது. மேட்டில் ஏறும்போதும் கீழ் கியருக்கு மாற்றாமல் மிதிக்கும்போதும் மட்டுமே மிஸ்ஸிங் வருகிறது என்றால், காயிலுக்கும் பிளக் முனைக்கும் இடையில் எங்கோ, மின்சாரம் வெளியே பாயாமல் தடுக்கும் காப்பு பலவீனமாக இருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்த வோல்ட்டில் தாக்குப்பிடிக்கும் அந்தக் காப்பு, மின்னழுத்தம் ஏறியதும் விட்டுக்கொடுத்துவிடுகிறது.

அந்தக் காப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பிளக்கின் வெள்ளைப் பீங்கான். அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடால் ஆனது. மாட்டும்போது பிளக் கை தவறித் தரையில் விழுந்திருந்தாலோ, ஸ்பேனர் சாய்வாக அமர்ந்து திருகியிருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அதில் விழுந்திருக்கும். மல்ட்டி மீட்டரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் அந்த மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில்தான். அந்த விரிசல் திறந்துகொள்வதோ பல்லாயிரம் வோல்ட்டில். விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாகவே இருந்தாலும், மாட்டாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

மற்றொன்று, காயிலின் அடியில் நீண்டு பிளக்கைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் உறை. பல ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் இறுகிப்போய்ப் பழைய பீங்கானோடு ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கி எடுக்கும்போதே கிழியலாம். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ரப்பர் ஊறித் தளர்ந்திருக்கும். இங்கே பீங்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உலோக உடலுக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் வளையம் போல் ஒரு கறை இருந்தால் கவலை வேண்டாம். உயர் மின்னழுத்தத்தைச் சுற்றி எழும் கொரோனா மின்னிறக்கம் காற்றிலுள்ள ஆயில் துகள்களை அங்கே படியவைத்த தடயம் அது. ஆனால் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால், பொறி பீங்கானின் வெளிப்புறமாகவே வழுக்கி உடலைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கோடு கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த பொறியும் அதே வழியில்தான் போகும். அதற்கு நேராக ரப்பர் உறையின் உட்புறத்திலும் ஒரு கோடு இருக்கும். உறையை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் மாற்றினால், பழைய கோடு புதிய பிளக்கையும் சில நாள்களில் கெடுத்துவிடும். புதிய பிளக் மாட்டியும் மிஸ்ஸிங் தீரவில்லை என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐடிலில் நடுங்கி, வேகம் கூட்டினால் சரியாகிவிடும் மிஸ்ஸிங் வேறு வகையைச் சேர்ந்தது. பிளக்குகளை எட்டுவதற்காக ஏர் ஃபில்ட்டர் பெட்டியையோ, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டையோ கழற்றிய இடத்தில், ஒரு சின்ன வேக்குவம் குழாய் திரும்ப மாட்டப்படாமல் இருக்கலாம். அதன் வழியே நுழையும் கணக்கில் வராத காற்று, ஐடிலில் எஞ்சின் இழுக்கும் சொற்பக் காற்றில் பெரும் பங்காகிக் கலவையை மெலிதாக்கிவிடுகிறது. வேகத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. எந்த வேகத்திலும் ஒரே சிலிண்டர் விடாமல் மிஸ் ஆகிறது என்றாலோ, காயிலின் கனெக்டர் பூட்டு முழுமையாக விழுந்திருக்காது, அல்லது காயில் கடைசிவரை அழுந்தியிருக்காது.

எந்தச் சிலிண்டர் என்பதைக் கணினியே சொல்லிவிடும். கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் படித்துக்கொண்டே இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் அந்த அரைச் சுற்று 10 மில்லி விநாடியில் முடிகிறது. எரிய வேண்டியது எரியாவிட்டால் அந்த அரைச் சுற்று மட்டும் இம்மியளவு தாமதிக்கும். எந்தச் சிலிண்டரின் முறை வந்தபோது தாமதம் நேர்ந்தது என்பதை வைத்துக் கணினி பி0301 முதல் பி0304 வரையிலான கோளாறுக் குறியீடுகளில் ஒன்றைப் பதிகிறது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். எந்தச் சிலிண்டர் என்று தீர்மானிக்க முடியாதபோது பி0300 வரும். முன்பெல்லாம் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார்கள். இன்றைய காயில்களில் அந்தப் பழைய உத்தி வேண்டாம். கையில் ஷாக் அடிப்பதோடு காயிலும் கெடும்.

பி0303 வந்திருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு மூன்றாம் சிலிண்டரின் காயிலை மட்டும் முதல் சிலிண்டருக்கு மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0301 ஆக மாறினால் குற்றவாளி காயில், அல்லது அதன் ரப்பர். மாறாவிட்டால் பிளக்கை அதே போல் இடம் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எதனால் குறியீடு மாறியது என்று தெரியாமல் போகும். இரண்டுக்கும் குறியீடு மாறாவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், சிலிண்டருக்குள் காற்று சுருங்கும் அழுத்தமான கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும்; அது ஒர்க்‌ஷாப்பின் வேலை.

பிளக் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளப்பது நல்லதே. இரிடியம் பிளக்கில் மட்டும் எச்சரிக்கை தேவை: அதன் நடுமுனை 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் தடிமனே உடையது, கேஜை நெம்பினால் ஒடிந்துவிடும். இறுக்கத்தையும் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். வாஷர் உள்ள புதிய பிளக்கைக் கையால் திருகி உட்காரவைத்த பின் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் பொதுவாகப் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றலாம். தளர்வாக விட்டால் கம்ப்ரஷன் கசிவதோடு, பிளக்கின் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்க வழியின்றி முனை பழுத்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும், அந்தச் செலவு பிளக் விலையைப் போலப் பல மடங்கு.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். அது விட்டு விட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. அதன் பீங்கான் தேனடை உருகி அடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடேற அதிக நேரம் பிடிக்காது.