சிவில் டிஸ்கோர்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கல்வி பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. நேர் எதிரான கருத்துள்ள மாணவர்கள் ஆளைத் தாக்காமல், பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போகாமல், காரணம் சொல்லியும் காரணம் கேட்டும் பேசப் பழகுவதைத்தான் சிவில் டிஸ்கோர்ஸ் என்கிறார்கள். கடைசியில் ஒத்துப்போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பலர் இதை 'மரியாதையாகப் பேசுவது' என்று சுருக்கிவிடுகிறார்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டே எதிராளி சொன்ன எதையும் காதில் வாங்காமல் இருக்க முடியுமே!

சிவில் என்பதன் வேர் லத்தீனில் 'சிவிஸ்', அதாவது குடிமகன். சிவில் வழக்கு, சிவில் உரிமை என்னும்போதும் இதே வேர்தான். டிஸ்கோர்ஸின் வேர் 'டிஸ்குர்சுஸ்'. முதலில் அங்குமிங்கும் ஓடுவதைக் குறித்து, பிற்கால லத்தீனில் பேச்சையும் குறிக்கத் தொடங்கியது. பக்கத்தில் நிற்கும் டிபேட்டுக்கோ அடித்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் மூலம். நம் சொற்போரிலும் போர் இருக்கிறது.

சரி, தமிழில்? 'நாகரிக உரையாடல்' எனக்கு ஒத்துவரவில்லை. பழகியவர் நஞ்சு இடுவதைக் கண்டும் உண்டு அமைவதைத்தான் 'நயத்தக்க நாகரிகம்' என்கிறது குறள். வகுப்பில் நாம் கேட்பது விழுங்கிக்கொள்வதை அல்ல, மறுத்துப் பேசுவதை. 'கலந்துரையாடல்' நல்ல சொல்தான், ஆனால் அதில் கருத்து மோதும் வாடையே இல்லை. 'சொல்லாடல்' டிஸ்கோர்ஸுக்கு ஏற்கெனவே புழங்குகிறது என்றாலும் அது ஆய்வுக் கட்டுரைகளின் சொல்லாகிவிட்டது.

'பண்பட்ட கருத்தாடல்' என்பதே என் தேர்வு. நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனமும் பண்படுகிறது. பிறக்கும்போதே யாரும் பண்பட்டுப் பிறப்பதில்லை, பழக்கத்தால் வருவது அது. மாணவர் சம்பந்தப்பட்ட சொல்லுக்கு அந்தப் பொருள் முக்கியம்.

சொல்தான் புதிது, பழக்கம் புதிதல்ல. மணிமேகலையின் விழாவறை காதையில், புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளைப் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று அழைக்கிறான். பட்டிமண்டபம் என்பது வாதம் செய்யும் இடம். உடனே பொதுவாக எல்லாருக்கும் இன்னொன்றும் சொல்கிறான்: 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.' பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் சண்டையும் இல்லாமல் விலகிப் போங்கள் என்று பொருள். வாதத்துக்கு அழைப்பு, சண்டைக்குத் தடை, இரண்டும் ஒரே அறிவிப்பில்.

பழைய இந்தியத் தர்க்க நூல் மரபான நியாய சாத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கும். உண்மையைத் தேடுவது வாதம். ஜெயிப்பதற்காகவே பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டும் விதண்டை. மூன்றில் அன்றாடத் தமிழில் நன்றாக வேரூன்றியது விதண்டாவாதம். ஜல்பம் என்ற பெயர் மறைந்துவிட்டது. ஆனால் நாம் அதிகம் செய்வது அதைத்தான்.

வகுப்பறைக்கு இதைவிட உதவக்கூடியது நன்னூல். நூலாசிரியர்கள் கருத்துகளைக் கையாளும் விதத்தைப் பவணந்தியார் 'எழுவகை மதம்' என்று அடுக்குகிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படல், மறுத்தல் என்ற இரண்டை அடுத்து வருவது 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு': அடுத்தவர் கருத்தை முதலில் தானே ஏற்றுக்கொண்டு, அப்புறம் மறுப்பது.

மாணவர்களைக்கொண்டு இதை அப்படியே செய்து பார்க்கலாம். மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் கருத்தை அவர்கள் தங்கள் வார்த்தையில் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது அதுதான்' என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு தொடங்கலாம். 'தேர்வே வேண்டாம் என்கிறாயா, அப்போ யாருமே படிக்க வேண்டாமா?' என்பது முதல் கட்டத்திலேயே தோற்றுப்போகும், ஏனென்றால் எதிரில் இருப்பவர் அப்படிச் சொல்லவில்லை. 'தேர்வு பயத்தால் மனப்பாடம்தான் வளர்கிறது என்கிறாய், சரியா?' என்று கேட்டால் பேச்சு நகரும். ஏழாவது மதம் 'பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல்', பிறரோடு சேராமல் தன் கொள்கையையே கொள்வது. அதற்கும் பட்டியலில் இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எழுதும்போது: 'மாணவர்களிடையே பண்பட்ட கருத்தாடலை வளர்க்கும் பயிற்சி.' சிறு வகுப்புகளில் 'மாற்றுக்கருத்தோடு பேசுதல்' என்றாலே போதும்.