அட்டையை பீரோ மேலிருந்து இறக்குங்கள்

போன வாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். மூளை முடக்குவாதம். நாம் சொல்வது அத்தனையும் அவனுக்குப் புரிகிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்வதற்காக, நான்கு வருடத்துக்கு முன்பே ஒரு தெரபிஸ்ட் பட அட்டை செய்து கொடுத்திருக்கிறார். "அது எங்கே?" என்று கேட்டேன்.

"பீரோ மேல இருக்குங்க மேடம். அதைக் காட்டிப் பழக்கினா பேச்சே வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

இந்த மாதத்தில் இதே பதிலை நான் கேட்பது நான்காவது முறை.

என்னிடம் இருந்த அட்டையை அவன் முன்னால் விரித்து, ஒவ்வொரு படத்தையும் நானே தொட்டுத் தொட்டுப் பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து முஷ்டியால் 'வலி'யைத் தொட்டான், அப்புறம் 'கால்'. காலை நேராக வைக்க மாட்டியிருந்த ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் புண். அதை மாட்டும்போதெல்லாம் அழுததற்கு 'அடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படம் காட்டினால் பேச்சு வராதா? நடைவண்டி பிடித்த பிள்ளை நடக்க மறந்துவிட்டதா? எல்லாக் குழந்தையும் பேசுவதற்கு முன்னால் விரல் நீட்டித்தானே கேட்டது! இப்படிப்பட்ட மாற்று வழிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், முறையாகக் கண்காணிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. பெரும்பாலும் கொஞ்சம்தான், ஆனாலும் கூடியது. 'சொன்னால்தான் தருவேன்' என்ற நெருக்கடி விலகும்போது வாயும் இளகுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரவே வராது. அவர்களுக்கு அந்த அட்டைதான் மொழி. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இப்படிப்பட்ட மாற்று வழிகளைத் தொடர்பு முறையாகவே ஏற்கிறது.

விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். லேமினேட் செய்த தாள் போதும். கை வராவிட்டால் கண்ணால் பார்த்துக் காட்டலாம். டேப்லெட் இருந்தால், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும், சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் இருக்கிறது. தெரபி செலவுக்கு, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டை விசாரியுங்கள்.

தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். "ஆப்பிள் எங்கே, தொடு" என்று நாள் முழுக்கக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துப் போகும். நீங்கள் பேசும்போதே தொட்டுக் காட்டுங்கள். "தோசை இன்னும் வேணுமா?" என்று கேட்கும்போது உங்கள் விரல் 'இன்னும்' மேல் போகட்டும். மாதக்கணக்கில் நீங்கள் மட்டுமே தொட வேண்டியிருக்கும், சலிக்காதீர்கள். அவன் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறைகள் பக்கம் போகவே வேண்டாம். வருவது பிள்ளையின் சொல் அல்ல, பிடிப்பவரின் சொல் என்று சோதனைகளில் தெளிவாகிவிட்டது.

பேசும் டேப்லெட்டில் யூடியூப் வேண்டாம். குறும்பு செய்தான் என்று அதைப் பிடுங்கி வைப்பது அவன் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

அட்டையில் சாப்பாட்டுப் படங்கள் மட்டும் போதாது. 'வேண்டாம்', 'வலிக்குது', 'என்னைத் தொடாதே', 'பயமா இருக்கு' இந்த நான்கும் கட்டாயம் இருக்கட்டும். அவன் 'வேண்டாம்' என்று தொட்டால், கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வையுங்கள்.